இமையா நாட்டம்: வடசென்னை இல்லங்களில் வண்ணமீன் வளர்ப்பு



இலக்கிய மேடையில் மீன் வளர்ப்பைப் பற்றிய உரையா என்னும் ஐயம் இத்தலைப்பைக் கண்டவுடன் சிலர்க்கு எழுந்திருக்கக்கூடும். அந்த ஐயம் இயல்பானதே. ஆயினும் தமிழ்க் கவிதை ஒருகாலத்தும் மீனை விட்டு நெடுந்தொலைவு சென்றதில்லை. கயலும் சேலும் கெண்டையும் மகளிர் கண்ணுக்கு உவமையாயின. பாண்டியர் கொடியில் மீன் பொறிக்கப்பட்டது. நெய்தல் நில மகளிர் மீன் உணங்கல் காத்துப் புள்ளோப்பும் காட்சி சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றது. சூதாடுவோன் பெறும் வெற்றிக்குத் தூண்டில் இரும்பை விழுங்கிய மீனை வள்ளுவர் உவமையாக்கினார்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவ்விடங்களில் எல்லாம் மீன் நீருக்கு வெளியிலிருந்து பார்க்கப்படுகின்றது. வலையில், தூண்டிலில், வெயிலில், கொடியில் அது தோன்றுகின்றது. கண்ணுக்கு உவமையாகும்போதும் மீனின் வடிவமும் மினுக்கமும் பிறழ்ச்சியுமே எடுத்தாளப்படுகின்றன. மீன் எதனைப் பார்க்கின்றது என்னும் வினா அங்கு எழவில்லை.

அவ்வினாவை எழுப்பிய மரபும் தமிழில் உண்டு. மீன் தன் முட்டையை நோக்கினால் பொரிக்கும். ஆமை நினைவினால் பொரிக்கும். பறவை தொடுகையினால் பொரிக்கும் என்று சைவ மரபினர் கூறுவர். ஆசான் மாணாக்கர்க்கு அருள் செய்யும் மூவகை முறைக்கு இம்மூன்றும் எடுத்துக்காட்டாயின. மதுரையில் எழுந்தருளியுள்ள அங்கயற்கண்ணியின் பெயருக்கும் இதே வழியில் விளக்கம் தருவோர் உளர். மீன் தன் குஞ்சுகளைக் கண்ணால் காப்பது போல அன்னை உலகைக் கண்ணால் காக்கின்றாள் என்பது அவ்விளக்கம்.

இது வெறும் கற்பனையா, அன்றி எவரோ எப்போதோ நீரருகே அமர்ந்து கண்ட காட்சியின் சாரமா? இவ்வினாவுக்கு விடை தேட ஏடுகள் மட்டும் போதா. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சிறு வீடுகளின் மூலையில் வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடித் தொட்டிகளையும் நாட வேண்டியுள்ளது.

கரையில் இரு மீன்கள்

காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியுமுன்பே விசைப்படகுகள் வந்து சேரும். ஏலக் குரல்கள் எழும். பனிக்கட்டியும் செதிலும் கலந்த ஈரத்தில் கூடைகள் நகரும். அங்கு மீன் என்பது எடை, விலை, அன்றைய அடுப்பு. அதே கரையின் சந்துகளில், அதே கூடை தூக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் வேறொரு வகை மீனையும் வீட்டில் வைத்திருப்பதைக் காணலாம். ஒரு கிராம் எடையும் இராத கப்பி மீனுக்கு அங்கே பெயரும் உண்டு. அது இறந்தால் அழுகையும் உண்டு. உண்ணப்படும் மீனும் வளர்க்கப்படும் மீனும் ஒரே வீட்டில் பத்தடி இடைவெளியில் இருப்பதை எவரும் முரணாகக் கருதுவதில்லை.

சென்னைக்கும் மீன்தொட்டிக்கும் உள்ள உறவு நூற்றாண்டைக் கடந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909ஆம் ஆண்டு மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. இந்நாட்டின் முதல் மீன் காட்சியகம் அதுவே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அது மூடப்பட்டது.

அங்கே பார்த்து மட்டும் வந்த மீனை வீட்டுக்கு வாங்கி வரும் வாய்ப்பை நகர மக்களுக்கு அளித்த இடங்களுள் மூர் மார்க்கெட் குறிப்பிடத்தக்கது. பழைய நூல்களைத் தேடி அங்குச் சென்ற தமிழறிஞர் பலர். அவர்கள் நடந்த அதே வளாகத்தில் கூண்டுப் பறவைகளும் வண்ணமீன்களும் விற்கப்பட்டன. 1985 மே மாதத்தில் நேர்ந்த தீயில் அவ்வங்காடி அழிந்தது. ஏடுகளோடு எரிந்தவற்றைப் பற்றி எழுதியோர் உளர். தொட்டிகளோடு வெந்த உயிர்களைப் பற்றிய பாடல் அரிது.

இன்று இத்தொழிலின் பெயர் சொல்லும் இடம் கொளத்தூர். இரட்டை ஏரியை அடுத்த அப்பகுதியில் வீட்டுப் பின்புறத்திலும் மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி மீன்குஞ்சு பொரிப்பிக்கும் குடும்பங்கள் பெருகின. நிலத்தின் விலை ஏற ஏறப் பண்ணைகள் செங்குன்றம், பொன்னேரி எனத் திருவள்ளூர் மாவட்டத்தின் உட்பகுதிகளுக்குப் பரவின. கொல்கத்தா, மும்பை ஆகியவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வண்ணமீன் நிலையமாகச் சென்னை விளங்குவதற்கு இக்குடும்பங்களின் உழைப்பே காரணம். அவ்வுழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. குஞ்சுகளுக்கு நாளில் பலமுறை சிறிது சிறிதாக உணவிடுவதும், ஆண் பெண் பிரிப்பதும், நோயுற்றதைக் கண்டு ஒதுக்குவதும் அவர்தம் கண்ணும் கையும் செய்யும் பணிகள்.

சென்னையின் வெப்பம் இதற்குத் துணை நிற்கின்றது. குளிர்நாடுகளில் தொட்டிக்குள் மின்சூடேற்றி வைத்துக் காக்கப்படும் வெப்பமண்டல மீன்களுக்கு இங்கே பெரும்பாலும் அது வேண்டுவதில்லை. ஆனால் கோடையில் இதுவே இடராகும். நீர் சூடேறுந்தோறும் அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். மின்தடை நேர்ந்து காற்றுக்குழாய் நின்றுவிட்டால் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து நிற்கும். அப்பொழுது குவளையில் நீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றியவாறு இரவெல்லாம் விழித்திருந்தோர் இவ்வட்டாரத்தில் பலர்.

நீர் பழுத்தல்

மீன் வளர்ப்பில் முதலில் கற்க வேண்டியது மீனைப் பற்றி அன்று; நீரைப் பற்றி. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் நீர் கொள்ளும். புதுத்தொட்டி வாங்கிய அன்றே நீர் நிரப்பி, அன்றே பத்து மீன்களை விடுவோர் ஒரு வாரத்துக்குள் அவற்றுட் பலவற்றை இழப்பர். நீர் தெளிவாகத்தானே இருந்தது என்று வியப்பர். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதே இங்குப் பெறும் முதற்பாடம்.

குழாய்நீரில் கலந்துள்ள குளோரின் மீனின் செவுளைத் தாக்கும். எனவே நீரை ஒருநாள் திறந்து வைக்க வேண்டும். அதனினும் நுட்பமான காரணம் மற்றொன்று உண்டு. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகின்றது. அது மீனுக்கே நஞ்சு. மணலிலும் வடிகட்டியிலும் குடியேறும் நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். கண்ணுக்குத் தெரியாத இக்குடிகள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களோடு பொறுத்திருக்க வேண்டும். இதனை நீர் பழுத்தல் எனலாம். பழுத்த நீரையும் அப்படியே விட்டுவிடலாகாது. வாரந்தோறும் நாற்கூறில் ஒரு கூறு, அதாவது ஏறத்தாழ ஒரு குடம் நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் சேர்க்க வேண்டும். முழுவதையும் மாற்றினால் குடியேறியவை கலைந்துபோகும். சிறிதும் மாற்றாவிடில் நஞ்சு தேங்கும். பழையது காத்துப் புதியது கொள்ளும் இந்த அளவை அறிந்தோர்க்கே தொட்டி நிலைக்கும். பத்தாண்டு நிலைத்த ஓர் இலக்கிய அமைப்புக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

வடசென்னையில் அந்த ஒரு குடம் நீர் எளிதன்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபொழுது குடிக்கும் நீருக்கே லாரியை எதிர்நோக்கி நின்றனர் மக்கள். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் தொடங்கப்பெற்றது. அந்நீர் வடசென்னைக் குழாய்களிலும் கலந்து வருகின்றது. வங்கக்கடலின் உப்பு நீங்கிய நீரில் அமேசான் ஆற்று மீனின் வழித்தோன்றல் திருவொற்றியூரில் முட்டையிடுகின்றது. இவ்விந்தையைக் கவிதை இன்னும் முழுமையாகக் கண்டுகொள்ளவில்லை.

நால்வகைப் பெற்றோர்

இனி முட்டைக்கும் நோக்குக்கும் உள்ள தொடர்பைக் காணலாம். வீட்டுத்தொட்டியில் இனம்பெருக்கும் மீன்களை, அவை குஞ்சுகளோடு கொள்ளும் உறவின் அடிப்படையில் நால்வகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, ஈன்றதும் மறப்பது. தென் அமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாடு தீவையும் தாயகமாகக் கொண்ட கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனும். டிரினிடாடிலிருந்து அதனை 1866இல் இலண்டனுக்கு அனுப்பிய இராபர்ட் கப்பி என்பாரின் பெயரே அதற்கு வழங்குகின்றது. இந்தியாவுக்கு அது கொசுப்புழுவை உண்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும் இத்தாய், சற்று நேரத்தில் தன் குஞ்சையே இரையெனத் துரத்தும். ஆதலின் வளர்ப்போர் நீர்ச்செடிகளை அடர்த்தியாக இட்டு வைப்பர். ஒருமுறை ஆணுடன் சேர்ந்த பெண் கப்பி அவ்வித்தைத் தன்னுள் காத்துப் பல ஈற்றுக்குப் பயன்படுத்தும். நல்ல நிறம் வேண்டுவோர் குஞ்சுகளை ஒரு மாத அளவிலேயே ஆண் பெண் எனப் பிரித்து வைப்பது இதனாலேயே.

இரண்டாம் வகை, இட்டதும் உண்பது. சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்க்கப்பட்ட பொன்மீன் தன் முட்டைகளைச் செடிகளின் மேல் சிதறிவிட்டுப் பின்பு அவற்றையே தேடித் தின்னும். கொளத்தூர்க் குடும்பத்தார் ஆகாயத்தாமரை வேரையோ நைலான் நாரையோ தொட்டியிலிட்டு, முட்டை ஒட்டியதும் எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவர்.

மூன்றாம் வகை, தந்தை காப்பது. சயாம் நாட்டிலிருந்து வந்த, இங்கு ஃபைட்டர் என வழங்கும் மீன், நீரின் மேற்பரப்பில் எச்சிற் குமிழ்களால் கூடு கட்டும். ஆண் பெண்ணைத் தழுவ முட்டைகள் கீழ்நோக்கி விழும். ஆண் அவற்றை வாயால் பற்றி ஒவ்வொன்றாகக் கூட்டில் பொதியும். உடனே பெண்ணை விரட்டும். வளர்ப்போர் அதனை எடுத்துவிடாவிடில் கொல்லவும் கூடும். பின்னர் ஒன்றரை நாள் அளவும் அவ்வாண் கூட்டின் கீழேயே நிற்கும். உடையும் குமிழை மீண்டும் கட்டும். நழுவும் முட்டையை மீண்டும் பொதியும். பொரித்த குஞ்சு கீழே விழுந்தால் மீண்டும் ஏந்தும். குஞ்சுகள் தாமே நீந்தத் தொடங்கியதும் அந்தத் தந்தையையும் அகற்ற வேண்டும்; காவல் முடிந்ததும் அதன் பசி விழித்துக்கொள்ளும். இம்மீனுக்கு உகந்த நீரை ஆக்கத் தெருவோர வாதுமை மரத்தின் உலர்ந்த இலையை இடுவது இங்குள்ள வழக்கம். இராயபுரத்தில் உதிரும் சருகு அதற்குத் தாய்நாட்டு ஓடையின் நிறத்தைத் தருகின்றது.

நான்காம் வகை, இருவரும் காப்பது. அமேசான் பகுதியின் ஏஞ்சல் மீன் செங்குத்தான இலையிலோ கல்லிலோ வரிசையாக முட்டையிடும். தாயும் தந்தையும் மாறி மாறி அதன்முன் நின்று துடுப்பால் நீரை விசிறும். வெண்மையாகிக் கெட்ட முட்டையைப் பொறுக்கி எடுக்கும். டிஸ்கஸ் என்னும் மீனோ ஒருபடி மேற்செல்கின்றது. அதன் உடலில் சுரக்கும் கோழையே குஞ்சுகளின் முதல் உணவு. தாயின் விலாவிலும் தந்தையின் விலாவிலும் குஞ்சுகள் மொய்த்து மேயும். முலையில்லா உயிரிடத்தும் பாலூட்டல் உண்டு என்பதை அங்கே காணலாம்.

இக்காவல் அயல்நாட்டு மீனுக்கே உரியதன்று. தமிழகக் குளங்களில் வாழும் விரால் தன் முட்டையையும் குஞ்சுக் கூட்டத்தையும் சுற்றிக் காக்கும். சிவந்த குஞ்சுகள் நீரின்மேல் திரண்டு வர, அவற்றின் கீழே தாய் தந்தையர் மறைந்து நிற்பதை உழவர் அறிவர். மீன் நோக்கால் பொரிக்கும் என்று கூறியவர் இத்தகைய ஒரு குளக்கரையில் அமர்ந்தவராதல் கூடும். மீனுக்கு மூடி விழிக்கும் இமை இல்லை. முட்டையின் முன் அசையாது நிற்கும் உடல், மூடாத கண். கரையிலிருந்து காண்போர்க்கு அந்நோக்கே முட்டையைப் பொரிப்பதாகத் தோன்றியிருத்தல் வியப்பன்று. உயிரியல் இதனைப் பிழை என்னும். விசிறலும் பொறுக்கலும் ஏந்தலும் இன்றிப் பார்வை மட்டும் முட்டையைப் பொரிப்பதில்லை. ஆனால் இவ்வளவு செயல்களும் எதனால் நிகழ்கின்றன? கண் அகலாமையால் நிகழ்கின்றன. மரபு தொழிலைத் தவறாகவும் அதன் வேரைச் சரியாகவும் கூறியிருக்கின்றது.

சிறையும் காவலும்

இக்காலக் கவிதையில் தொட்டிமீன் பெரும்பாலும் ஒரே பொருளில் வருகின்றது. அது சிறைப்பட்ட உயிர். கண்ணாடி அதன் பொய் வானம். இவ்வுருவகத்தில் உண்மை உண்டு. ஃபைட்டர் மீன் காற்றை நேரே சுவாசிக்க வல்லது என்பதைக் காரணமாக்கி ஒரு கையளவு நீரில் அதனை அடைத்து விற்பதைக் காணும் எவரும் அதனை மறுக்க இயலாது. ஆயினும் உவமை கிடைத்தவுடன் பார்வையை எடுத்துக்கொள்ளும் கவிஞர்க்கும், மீன் வாங்கியவுடன் தொட்டியை மறந்துவிடும் வீட்டார்க்கும் இடையே வேறுபாடு மிகுதியன்று. இருவரும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அகன்றவரே. வளர்ப்பவர் ஒருவரே நாளும் திரும்பி வருகின்றார். அடைத்தவரும் அவரே, விழித்திருப்பவரும் அவரே. இவ்விரண்டையும் ஒரு மனத்தில் தாங்குவது எளிய உருவகத்துக்குள் அடங்காது.

தொட்டியைக் காக்கும் கண் தொட்டிக்கு வெளியே என்ன காண்கின்றது என்னும் வினாவும் உடன் எழுகின்றது. எண்ணூர் மக்களுக்கு அம்மோனியா என்னும் சொல்லை வேதியியல் நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவு, உரத்தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அவ்வளி கரையோரக் குப்பங்களைத் தெருவுக்கு விரட்டியது. மூச்சுத் திணறி மருத்துவமனை சென்றோர் பலர். அதே மாதத்தின் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தைக் கருமையாக்கியது. மீனவர் படகிலிருந்து கையால் மொண்டு அதனை அகற்றினர். ஐம்பத்தாறு லிட்டர் நீரில் மீன் ஒன்று சோர்ந்து நின்றால் வீட்டுச் சிறுமி காலையிலேயே கண்டுபிடித்து விடுகின்றாள். ஆற்றுமுகம் சோர்ந்ததை மீன்பிடிப்போர் பல்லாண்டு கூறியும் கேட்கப்படுவது அரிதாயிற்று. அவர்தம் கண் அகலவில்லை. பிறர் கண் திரும்பவில்லை.

விடுதல்

வளர்ப்போர்க்கு நேரும் தடுமாற்றம் ஒன்றையும் சொல்லாமல் இவ்வுரை நிறைவு பெறாது. மீன் பெரிதாகி இடம் போதாமற் போகும்பொழுதோ, வீடு மாறும்பொழுதோ, அதனைக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடுவோர் உளர். கொல்ல மனம் வராத இரக்கமே அதற்குக் காரணம். ஆனால் அவ்விரக்கத்தின் விளைவு கொடிது. தொட்டியின் பாசியை மேயட்டும் என்று வாங்கப்படும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டியில் விரலளவாக இருப்பது ஏரியில் முழங்கையளவாக வளரும். எலும்புத் தகடு போர்த்த அதன் உடலை நாரையும் எளிதில் விழுங்க இயலாது. கரையைத் துளைத்து முட்டையிடும். வலையில் சிக்கினால் வலையைக் கிழிக்கும். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் தமிழகத்தின் பிற நீர்நிலைகளிலும் அது பரவிவிட்டது. விராலும் கெண்டையும் வாழ்ந்த நீரில் அது இடம் பிடித்துக்கொண்டது. உள்நாட்டு மீனவரின் வலையில் விலைபோகாத சுமையாக அது ஏறுகின்றது. ஒரு வீட்டின் இரக்கம் வேறொரு வீட்டின் அடுப்பை அணைக்கின்றது.

மீனை நீரில் விட்ட அடியார் ஒருவரைத் தமிழ் போற்றுகின்றது. நாகப்பட்டினத்துப் பரதவர் குலத்தில் தோன்றிய அதிபத்தர், நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்தார். ஒரு மீனே அகப்பட்ட வறுமை நாள்களிலும் அதனையே விட்டார். இறுதியில் பொன்னும் மணியுமாய் ஒளிர்ந்த மீன் அகப்பட்ட நாளிலும் அதனை விட்டார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவர் விட்டது கடலின் மீனைக் கடலுக்கு. விட்டதனால் வந்த பசியையும் தாமே ஏற்றார். ஏரியில் சக்கர் மீனை விடுபவர் தம் சுமையை ஏரிக்கு மாற்றுகின்றார். முன்னது கொடை, பின்னது கைவிடல். செயல் ஒன்றுபோல் தோன்றினும் இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. வைத்துக்கொள்ள இயலாத மீனை வாங்கிய கடைக்கோ வளர்க்கும் மற்றொருவர்க்கோ அளிப்பதே முறை. அதனினும் முறை, வாங்குமுன் அது எவ்வளவு வளரும், எவ்வளவு நாள் வாழும் எனக் கேட்டறிதல்.

முட்டையின் முன் நிற்கும் ஏஞ்சல் மீனுக்குத் தன் காவல் எப்போது முடியும் என்பது தெரியும். மனிதர்க்கு அவ்வெல்லையை இயற்கை வகுத்துத் தரவில்லை. கொண்டுவந்த உயிர் இருக்குமளவும், அது வாழும் நீர் இருக்குமளவும் கண் அகலாதிருத்தல் வேண்டும். அங்கயற்கண் என்னும் சொல்லைத் தமிழ்க் கவிஞர்கள் அழகின் பெயராக நெடுங்காலம் பாடிவந்தனர். அது விழிப்பின் பெயருமாகும் என்பதை வடசென்னைச் சந்துகளில், ஒரு குடம் நீரோடு தொட்டியின் முன் நிற்கும் பிள்ளைகள் நாள்தோறும் மெய்ப்பித்து வருகின்றனர். அவ்விழிப்பு தொட்டியிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து எண்ணூர்க் கழிக்கும் விரியுமாயின், நோக்கால் பொரிக்கும் மீன் என்னும் பழைய வாக்கு பிழையாகாது.